மாப்பிள்ளைக்கு: அந்த 4018-ஐ வாங்கும் முன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

தங்கச்சி போன் பண்ணினாள். சங்ககிரியில் டிரெய்லர் இழுக்கும் 4018 லாரி ஒன்று பார்த்திருக்கிறீர்களாம். 2014 மாடல், நாற்பதடி டிரெய்லரோடு சேர்த்து மலிவாக வருகிறதாம், இன்ஜின் சத்தம் தேன் மாதிரி இருக்கிறதாம். எட்டு வருடம் தூத்துக்குடி துறைமுகத்தில் அடுத்தவர் வண்டியை ஓட்டியவர் சொந்த வண்டி ஏற வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. அந்தத் தேன் சத்தம்தான் உதைக்கிறது. பழைய வண்டியில் எதைப் பார்த்து வாங்குவது என்ற கேள்வியை டிரைவர் தம்பிகள் நாலைந்து பேர் கேட்டுவிட்டதால் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நானும் என் முதல் வண்டியை இன்ஜின் சத்தம் கேட்டுத்தான் வாங்கினேன். முதல் நடை, ஓசூரிலிருந்து லோடு. தொப்பூர் இறக்கம் பாதி தாண்டுவதற்குள் பிரேக் லைனர் கருகும் வாசம் கேபினுக்குள் வந்துவிட்டது. இரண்டாவது கியரில் உருட்டி, எப்படியோ ஓரம் கட்டி, டிரெய்லருக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். பிரேக்குக்குக் காற்று போகும் ஏர் ஓஸ் ஒன்றைக் கழற்றி, அதன் வாயில் ஒரு போல்ட்டைத் திருகி, மேலே பழைய டியூப்பை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஏர் லீக்கை நிறுத்த அவர்கள் கண்டுபிடித்த வைத்தியம்! டிரெய்லரின் ஆறு சக்கர முனைகளில் மூன்றில் பிரேக்கே இல்லை. மீதி மூன்றும் முப்பது டன்னுக்கு மேல் தாங்கி வெந்துகொண்டிருந்தன. அன்றிலிருந்து நான் வண்டி பார்க்கப் போனால் பானெட் பக்கம் போவதே இல்லை, முதலில் டிரெய்லருக்கு அடியில்தான் போவேன்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஏரை முழுதாக ஏற்றி, இன்ஜினை நிறுத்தி, ஒருவரை பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு சக்கரத்துக்குப் பக்கத்தில் காற்று வந்து பிரேக்கைத் தள்ளும் சேம்பர் ஒவ்வொன்றிலும் காது கொடுங்கள், ஏர் லீக் இருந்தால் கேட்கும். அப்புறம் டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டு புல்லரை, அதாவது முன்னால் இழுக்கும் வண்டியை, ஒரு விரற்கடை முன்னே, பின்னே அசைக்கச் சொல்லுங்கள். டிரெய்லர் வந்து உட்காரும் டர்ன் டேபிளில் 'டக்' என்று அடித்தால், டிரெய்லருக்கு அடியில் இருக்கும் கிங் பின்னோ அதைக் கவ்விப் பிடிக்கும் ஜாவோ தேய்ந்திருக்கிறது. இரண்டு அங்குல கிங் பின் புதிதில் 50.8 மில்லி, 49-க்குக் கீழே போனால் மாற்றியே ஆக வேண்டும். கையோடு அளந்து பார்க்க ஒரு வெர்னியர் கொண்டுபோனால் புரோக்கர் வாயே திறக்கமாட்டார். டர்ன் டேபிள் உட்காரும் இடத்தில் சேஸிஸில் மட்டும் புதுப் பெயின்ட் மின்னினால் சுரண்டிப் பாருங்கள், அடியில் வெல்டிங் இருக்கலாம்.

எடைக் கணக்குக்கு வருவோம். 4018 என்ற பெயரிலேயே விஷயம் இருக்கிறது: வண்டி, டிரெய்லர், சரக்கு எல்லாம் சேர்த்து 40 டன், இன்ஜின் 180 குதிரைத் திறன். இப்போது வரும் 5530 என்றால் 55 டன், 300 குதிரை. 2018 ஜூலையில் ஆக்ஸிலுக்கு ஏற்றலாம் என்ற எடையைக் கூட்டினார்களே என்று புரோக்கர் இழுப்பார். ஆர்சியில் எழுதியிருக்கும் எடைதான் உங்களுக்குக் கணக்கு. காலி வண்டியும் டிரெய்லருமே 13, 14 டன் வரும், நாற்பதடி கன்டெய்னர் பெட்டி காலியாகவே கிட்டத்தட்ட நாலு டன். மிச்சம் 22 டன் சரக்கு. துறைமுகத்தில் 25, 26 டன் சரக்கோடு இறங்கும் பெட்டிகளை நீங்களே எத்தனை பார்த்திருக்கிறீர்கள்! அதையெல்லாம் எடுக்க ஆசையிருந்தால் இந்த வண்டி வேண்டாம், கொஞ்சம் பொறுத்துப் பத்து வீல் புல்லராகப் பாருங்கள். பஞ்சு, நூல் என்று இலகுவான பெட்டியோடு நிறுத்திக்கொள்வதானால் சரி, இது போதும். 2014 மாடல் என்பதால் புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் யூரியா, சென்சார் தொல்லை கிடையாது. அது ஒரு நிம்மதி. ஆனால் நேஷனல் பெர்மிட்டுக்கு வயசு வரம்பு உண்டு, மல்டி ஆக்ஸிலுக்கே 15 வருடம்தான். எத்தனை வருடத்துக்குக் காசு கொடுக்கிறோம் என்று விரல் விட்டுப் பாருங்கள்.

டயர் பதினெட்டு. ஒன்று இருபதாயிரத்தைத் தாண்டும். பாதி மொட்டையாக இருந்தாலே இரண்டு லட்சம் போய்விடும், அதை விலையில் குறைத்தே பேசுங்கள். ஆர்சியில் பழைய கடனை நீக்கும் எச்.பி. கேன்சல், பாக்கி சலான், எஃப்.சி. தேதி எல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன். காலை ஆறு மணிக்கு யார்டில் இருப்பேன். நாம் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ணக் கூடாது, லோடு ஏற்றித்தான் ஓட்டிப் பார்ப்போம் என்று இன்றே புரோக்கரிடம் சொல்லிவிடுங்கள். காலி வண்டியில் கிளட்ச் வழுக்குவதும் தெரியாது, பின் ஆக்ஸிலுக்குள் இருக்கும் கிரவுன் பல்சக்கரத்தின் சத்தமும் கேட்காது. லோடெல்லாம் முடியாது என்று அவர் சொன்னால் எனக்கு ஒரு போன் போடுங்கள், நான் பஸ் ஏற வேண்டியதில்லை.

அதுவரை நகையை பேங்குக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று தங்கச்சியிடமும் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் மச்சான்