மாமா கணக்குக் காட்ட வேண்டாமா?

ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் இதழில் வரும் மாயலோகத் தொடர்கதையை எங்கள் வீட்டில் மாமியார் முதல் மகள் வரை போட்டி போட்டுப் படிக்கிறோம். பறக்கும் பாய், பேசும் கோட்டை எதையும் நான் கேள்வி கேட்கவில்லை. சென்ற வாரச் சபைக் காட்சிதான் உறுத்துகிறது. பதினைந்து வயது இளவரசி மந்திரம் சொல்லி விளக்கை ஏற்றுகிறாள், சபை உடனே அவளை மேஜர், அதாவது சட்டப்படி வயது வந்தவள், என்று அறிவிக்கிறது. அதுவரை கார்டியனாக (காப்பாளராக) இருந்த மாமா சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார். கணக்கு எங்கே?

வயதைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை. கலிஃபோர்னியாவில் 14 வயதிலேயே மனு போட்டுப் பெற்றோரின் பிடியிலிருந்து விடுபட வழி இருக்கிறது. நம் ஊரில் 18 என்றால் 18தான். மந்திர நாட்டில் விளக்கு எரிந்தால் போதும் என்றால் சரி, அது அவர்கள் சட்டம்.

ஆனால் மாமா இத்தனை வருடம் கஜானாவை வைத்திருந்தவர். நடுவில் தென்னந்தோப்பை ஒரு வணிகனுக்கு விற்றதாகப் போகிற போக்கில் ஒரு வரி வந்ததே! வக்கீல் குமாஸ்தாவாக வேலை பார்ப்பவள் கண்ணில் அது படாமல் போகுமா? 1890-ம் வருடக் காப்பாளர் சட்டப்படி, கோர்ட் கேட்டால், நியமித்த ஆறு மாதத்துக்குள் கார்டியன் மைனரின் நிலம், ரொக்கம், கடன் எல்லாவற்றுக்கும் பட்டியல் கொடுத்தாக வேண்டும். அனுமதி வாங்காமல் நிலத்தை விற்றிருந்தால், மேஜரான மூன்று வருடத்துக்குள் அந்தப் பிள்ளை வழக்குப் போட்டு விற்பனையை ரத்து செய்யக் கேட்கலாம். இளவரசியும் போடட்டுமே. "நான் காசு கொடுத்துத்தானே வாங்கினேன்" என்று வணிகன் சபையில் புலம்புவதைப் படிக்க, பூதச் சண்டையைவிட விறுவிறுப்பாக இருக்கும்.

இன்னொன்று. இளவரசியின் அம்மா உயிரோடு, அதே அரண்மனையில்தான் இருக்கிறார். அப்புறம் மாமா எப்படிக் கார்டியன் ஆனார்? எங்கள் தில்லி எழுத்தாளர் கீதா ஹரிஹரன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கப் போனபோது, பிள்ளையின் அப்பாவின் கையெழுத்து கேட்டார்கள். கீதா விடாமல் உச்ச நீதிமன்றம் வரை போனார். அப்பா உயிரோடு இருந்தாலும், பிள்ளையின் பொறுப்பு அவர் கையில் இல்லாதபோது தாயே காப்பாளராகலாம் என்று 1999-ல் தீர்ப்பு வந்தது. கதையிலோ அப்பாவே இல்லை.

அந்த அம்மா இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த அத்தியாயத்திலாவது அவரைச் சபைக்கு வரவழைக்கும்படி எழுத்தாளரிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ராமகிருஷ்ணபுரம், புது தில்லி