வக்கீல் சொன்ன ஒரு வார்த்தை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க எழுத்தாளர் எர்னஸ்ட் ஜே. கெய்ன்ஸின் 'எ லெசன் பிஃபோர் டையிங்' (1993) நாவலைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி (குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு) ஒரு கறுப்பின இளைஞனைக் குற்றவாளி என்று சொல்லி, அவனுக்கு மரண தண்டனை விழுந்ததுதான் கதையின் அநீதி என்கிறார் கட்டுரையாளர். சரிதான். ஆனால் முதல் அத்தியாயத்திலேயே இருக்கும் இன்னொன்றை அவர் தொடவே இல்லை. 31 வருடம் அமர்வு நீதிமன்றத்தில் தட்டச்சராகவும் பெஞ்ச் கிளார்க்காகவும் இருந்தவன் நான். எனக்குத் தைத்தது அதுதான்.

1940களின் லூசியானா. அந்த இளைஞன் ஜெஃபர்சன், வழியில் பார்த்த இரண்டு பேரோடு காரில் ஏறுகிறான். அவர்கள் கடையில் கடனுக்கு ஒயின் கேட்கப் போய்த் துப்பாக்கி வெடிக்கிறது. கடைக்காரரும் அந்த இருவரும் செத்துப்போக, மிஞ்சியவன் இவன் ஒருவன். இவனைக் காப்பாற்ற இவனுடைய வக்கீலே வாதாடுகிறார்: திட்டம் போட இவனுக்கு மூளை ஏது, இவனை மின்சார நாற்காலியில் உட்கார வைப்பதற்கு ஒரு பன்றியை உட்கார வைத்துவிடலாமே! கருணை கேட்டவர் வாயிலிருந்து வந்த சொல் இது. அரசுத் தரப்பு சொன்னதில்லை.

ஜூரி அதற்கும் இரங்கவில்லை. அந்தச் சொல் ஜெஃபர்சனோடு சிறைக்குள் போய்விட்டது. பார்க்க வந்த வாத்தியார் கிராண்ட் விக்கின்ஸ் முன்னால் அவன் தரையில் கைகால் ஊன்றி, சாப்பாட்டுப் பைக்குள் தலையை விட்டுத் தின்று காட்டுகிறான். அவனை வளர்த்த கிழவி மிஸ் எம்மா விடுதலை கேட்கவில்லை. நாற்காலிக்குப் போகிறவன் மனுஷனாக, தன் காலால் நடந்து போகட்டும், அது போதும் என்கிறாள்.

எங்கள் கோர்ட்டில் ஒரு கொலை வழக்கு. குற்றவாளி என்று தீர்மானித்த பிறகு தண்டனை பற்றி எதிரியிடம், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரிடம், கேட்க வேண்டும், அப்போது நடப்பில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் 235(2). "வயசான அம்மா இருக்காங்க, கொறஞ்ச தண்டனை குடுங்க" என்று அநேகமாக எல்லோரும் சொல்வதையே அவனும் சொன்னான். இலவச சட்ட உதவி வக்கீல் எழுந்து, "இவன் மாடு மாதிரிங்க ஐயா, மாட்டுக்கு என்ன தெரியும்?" என்றார். அதுவரை குனிந்தே நின்றிருந்தவன் நிமிர்ந்து, வராந்தா ஜன்னலோரம் நின்ற அம்மாவைப் பார்த்தான். ஆயுள் தண்டனையோடு போயிற்று. அந்த அம்மா வக்கீல் காலில் விழுந்தார். நான் தட்டச்சு செய்தது, "எதிரி அறிவு முதிர்ச்சி இல்லாதவர் என வாதிடப்பட்டது". வக்கீலைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தவர். ஆனாலும் அந்தப் பையன் நிமிர்ந்த முகம் இந்த நாவலைப் படிக்கும்போது நடுநடுவே வந்து நின்றது.

நாவலில் நாற்காலி லாரியில் வருவது கற்பனை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: லூசியானாவில் நிஜமாகவே அப்படித்தான் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். 1946இல் வில்லி பிரான்சிஸ் என்ற கறுப்பினச் சிறுவன் அதில் உட்கார்ந்தும் சாகவில்லை. மறுபடி உட்கார வைக்கலாமா என்ற கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், வைக்கலாம் என்றார்கள். 1947இல் முடித்தார்கள்.

கருணை இந்தக் கதையில் கவர்னரிடமிருந்து வருவதாக இல்லை. வாத்தியார் ஆளாளிடம் காசு வாங்கி ஒரு ரேடியோ வாங்கித் தருகிறார். பிறகு ஒரு நோட்டும் பென்சிலும். எழுத்துப்பிழையோடு, கமா புள்ளி இல்லாமல் ஜெஃபர்சன் அதில் எழுதுகிறான் (அகராதி வைத்துக்கொண்டும் அந்த அத்தியாயத்தை நான் இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது). எழுதியது பிடித்திருக்கிறது, ஆனாலும் இன்னும் உள்ளுக்குள் ஆழமாகப் போகவில்லை, அதனால் 'ஏ' கிடையாது, 'பி'தான் என்று வாத்தியார் சொன்னதை அதிலேயே குறித்து வைத்திருக்கிறான். சாகப்போகிற பையன்தானே என்று கருணை மதிப்பெண் போடவில்லை அந்த மனிதர்.

கட்டுரையாளர் மறுபடி இந்த நாவலைப் பற்றி எழுதினால், அந்தப் பக்கத்தையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர்,
திண்டுக்கல்