உன் மகளின் வேலை பற்றி

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. முட்டிவலி குறைந்ததில் சந்தோஷம். மாடிப்படியை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் விட்டுவை.

கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் ஒன்று கேட்டிருந்தாயே, அதுதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. உன் மகள் பறவைப் பாதுகாப்புக்கான தொண்டு நிறுவனம் ஒன்றில் சேரப் போகிறேன் என்கிறாள், விடலாமா என்று. சின்ன வயதில் கூடு தேடி அலைந்த என்னைக் கூட இருந்து பார்த்தவன் நீ. இவனிடம் கேட்டால் வேறென்ன சொல்வான் என்று நினைத்திருப்பாய். விடு என்றுதான் சொல்கிறேன், ஆனால் சில விஷயங்களை அவள் தெரிந்துகொண்டு போகட்டும்.

கார்ல் ஜோன்ஸ் பற்றி அவளுக்குத் தெரிந்திருக்கலாம். வேல்ஸில் சிறுவனாக இருந்தபோதே வீட்டுத் தோட்டத்தில் வல்லூறு, ஆந்தை என்று வளர்த்துப் பழகியவர். 1979இல் மொரீஷியஸ் தீவுக்குப் போனார். அங்கே மட்டுமே வாழும் ஒரு சிறிய வல்லூறு, மொரீஷியஸ் கெஸ்ட்ரல், 1974இல் நான்கே நான்குதான் மிஞ்சியிருந்தது. காடு போய்விட்டது, வெளியிலிருந்து வந்த விலங்குகள் குஞ்சுகளைத் தின்றன, போதாததற்கு டிடிடி என்ற பூச்சிக்கொல்லி வேறு. அந்த வல்லூறைக் காப்பாற்றும் திட்டத்தை மூடிவிட்டு வரச் சொல்லித்தான் அவரை அனுப்பினார்கள் என்பார்கள். மனிதர் மூடவில்லை. கூட்டிலிருந்து முதல் ஈட்டு முட்டைகளை எடுத்துத் தனியே பொரிக்க வைத்தால் தாய்ப்பறவை மறுபடி முட்டையிடும். அப்படி எடுத்து, பொரித்து, ஊட்டி, காட்டில் விட்டு, விட்ட பிறகும் தீனி வைத்து, கூடு கட்டப் பெட்டி மாட்டி, அந்த இனம் நூற்றுக்கணக்கில் பெருகியது. சிறுவயதில் தோட்டத்தில் பழகிய கைதான் அங்கே உதவியிருக்கும் என்று எனக்குத் தோன்றும். முட்டையைத் தொடத் துணிச்சல் வேண்டும், அது படித்து மட்டும் வராது.

ஆனால் இந்தக் கதையில் வேறொன்றும் இருக்கிறது. அந்த வேலைக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. நிதி கொடுப்பவர்களோ பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டுக்குத்தான் கொடுப்பார்கள். அதற்குள் பறவை பெருகியாக வேண்டும்! கூடு கட்டும் பெட்டிக்குப் பணம் தருவார்கள், கணக்கு எழுதுபவரின் சம்பளத்துக்குத் தர யோசிப்பார்கள். அதனால் இந்தத் துறையில் வேலை செய்யும் எங்களைப் போன்றவர்களின் நேரத்தில் பெரும்பகுதி விண்ணப்பத்திலும் அறிக்கையிலும் போகிறது. ஆரம்பத்தில் எனக்கு இது வெறுப்பாகத்தான் இருந்தது. இப்போது அப்படியில்லை. நன்றாக எழுதிய ஓர் அறிக்கை களத்தில் இருக்கும் பையனுக்கு அடுத்த ஆண்டும் வேலையை உறுதிசெய்கிறது என்றால், அதுவும் பறவைக்குச் செய்யும் வேலைதானே. இந்த வேலையில் எனக்குக் கிடைக்கும் நிறைவில் பாதி, நம்பமாட்டாய், மேசையில் உட்கார்ந்து கிடைத்ததுதான்.

அவளை எச்சரிக்க வேண்டியது வேறு. "ஆசைப்பட்டுத்தானே வந்தாய்" என்று ஒரு வாக்கியம் இந்தத் துறையில் உலவுகிறது. சம்பளம் கேட்டாலும் அதுதான் பதில், விடுமுறை கேட்டாலும் அதுதான். ஆசையைக் காரணம் காட்டி ஆளைப் பிழிகிற இடத்தில் நல்லவர்கள் நிலைப்பதில்லை. சேருமுன் அவள் தயங்காமல் விசாரிக்கட்டும்: இதற்கு முன் இந்த வேலையில் இருந்தவர் ஏன் போனார், ஒரே நன்கொடையாளரை நம்பியா ஓடுகிறது, தணிக்கை செய்த கணக்கைக் காட்டுவார்களா? நேர்காணலில் இதைக் கேட்டால் முகம் சுளிக்கிற நிறுவனம் வேண்டாம்.

அப்புறம், முதலில் சில மாதம் தன்னார்வலராகப் போய்ப் பார்க்கட்டும். களத்தில் பறவைகளை எண்ணி எழுதிய கணக்கைக் குறிப்பேட்டிலிருந்து கணினியில் ஏற்றும் வேலையைக் கேட்டு வாங்கச் சொல். அதில் அலுப்புத் தட்டாவிட்டால் தாராளமாகச் சேரலாம். வேலையில் சேர்ந்த பிறகும், குறிப்பெடுக்காமல் சும்மா பறவை பார்க்கிற பொழுது கொஞ்சம் தனக்கென்று வைத்துக்கொள்ளட்டும். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

விண்ணப்பத்தை அனுப்புமுன் எனக்கு ஒரு பிரதி அனுப்பச் சொல். சம்பளம் பற்றி எழுதுகிற இடத்தை நான் பார்த்துத் தருகிறேன், அங்கேதான் எல்லோரும் குறைத்து எழுதிவிடுகிறார்கள்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி