காவடி வரும் சாலைக்கு நிழல் வேண்டி மனு

அனுப்புநர்:
சாந்த் குருவா பகுதிவாசிகள்,
போர்ட் லூயி, மொரிஷியஸ்.

பெறுநர்:
லார்ட் மேயர் அவர்கள்,
போர்ட் லூயி மாநகராட்சி.

பொருள்: சாலையோர மரங்கள், கட்டட அனுமதியில் மண் தரைக்கான நிபந்தனை ஆகியவற்றைக் கோருதல்.

மதிப்பிற்குரிய லார்ட் மேயர் அவர்களுக்கு, வணக்கம்.

தைப்பூசத்தன்று கைலாசன் கோவிலுக்குக் காவடி எடுத்து வருகிறவர்கள் வெறுங்காலோடு தார்ச்சாலையில் நடக்கிறார்கள். ஜனவரி, பிப்ரவரி நமக்கு உச்சக் கோடை. போன முறை எங்களில் ஒருவரின் தங்கை மகள் பால்குடம் எடுத்தாள். நாங்கள் வாளியும் கையுமாக முன்னால் ஓடி, சாலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனோம். அவள் வந்து கால் வைப்பதற்குள் பாதி காய்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டு பாதத்திலும் கொப்புளம். விரதம் இருந்து நடப்பவர்கள் வலியைச் சொல்ல மாட்டார்கள். அதனால்தான் நாங்கள் சொல்கிறோம்.

மற்ற நாட்களில் இரவுதான் கஷ்டம். 1960இல் கரோல் புயல் தகர வீடுகளையும் மர வீடுகளையும் அடித்துக்கொண்டு போன பிறகு, தீவு முழுவதும் கான்கிரீட் வீடுகள் எழுந்தன. உயிர் காத்த வீடுகள் அவை, குறை சொல்ல மாட்டோம். ஆனால் தட்டையான கான்கிரீட் கூரை பகலெல்லாம் வெயிலைக் குடித்து, ராத்திரி அதை வீட்டுக்குள் விடுகிறது. போதாக்குறைக்கு, தென்கிழக்குக் காற்றை நகரத்துக்குப் பின்னால் நிற்கும் மோக்கா மலைத்தொடர் மறித்துக்கொள்கிறது. தீவின் நடுவே மேட்டில் உள்ள குளிர்ந்த ஊரான கியூர்பீப்பில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கும் இரவில், இங்கே வயதானவர்கள் வாசலில் நாற்காலி போட்டு விடியும்வரை உட்கார்ந்திருக்கிறார்கள்.

மலையை நகர்த்த முடியாது, சரி. நம் கையில் இருப்பது தரையும் மரமும். முன்பு முற்றத்துக்கு முற்றம் மாமரம் நின்றது. இப்போது கார் நிறுத்த அங்கே சிமெண்ட் பூசிவிட்டார்கள். எங்கள் வீடுகளிலும் பூசியிருக்கிறோம். மண்ணை மூடினால் சூடு தங்குகிறது, மழைத் தண்ணீரும் இறங்க வழியில்லாமல் தெருவில் ஓடுகிறது. 2013 மார்ச் 30ஆம் தேதி வெள்ளத்தில் இந்த நகரத்தில் 11 பேரை இழந்ததைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

வெயிலில் கிடக்கும் தரையைவிட மரநிழல் விழும் தரை 11 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ந்திருக்கலாம் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. கொதிக்கும் தாரில் கால் வைத்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று புரியும்.

ஆகவே, காவடி வரும் சாலையின் இரு பக்கமும் மரம் நடும்படி கேட்டுக்கொள்கிறோம். சாந்த் குருவாவில் இருக்கும் கத்தோலிக்கப் பாதிரியார் அருளாளர் லவாலின் சமாதிக்கு ஒவ்வொரு செப்டம்பரும் நடந்து வரும் யாத்திரிகர்களுக்கும் அந்த நிழல் கிடைக்கும். புயலில் மரம் சாய்ந்து மின்கம்பி அறுந்துவிடும் என்ற பயம் நியாயமானது. அதற்காக மரமே வேண்டாம் என்று விட்டுவிடாமல், மொரிஷியஸ், ரியூனியன், ரோட்ரிக்ஸ் அடங்கிய மஸ்கரீன் தீவுகளுக்கே உரிய பென்ஜ்வான் போன்ற மரங்களைத் தேர்ந்தெடுத்து, கம்பி போகாத பக்கமாக நட்டு, புயல் காலம் தொடங்கும் நவம்பருக்கு முன் கிளை கழித்தால் போதும். கன்று வளர்ந்து நிழல் தரச் சில வருடங்கள் ஆகும். அதுவரை தைப்பூச நாளில் வழிநெடுகத் துணிப்பந்தல் போடவும், தண்ணீர் லாரி அனுப்பவும் உதவ வேண்டும்.

அப்புறம், கட்டட அனுமதி கொடுப்பது தங்கள் மாநகராட்சிதான். இனி கட்டும் ஒவ்வொரு வீட்டிலும் முற்றத்தில் ஒரு பகுதியைச் சிமெண்ட் பூசாமல் மண்ணாகவே விட வேண்டும், கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடிக்க வேண்டும் என்று அந்த அனுமதியிலேயே எழுதிவிடுங்கள். வெள்ளைக் கூரை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும், செலவும் அதிகமில்லை. மாநகராட்சியின் சொந்தக் கட்டடங்களில் முதலில் செய்து காட்டினால், மற்றவர்களும் செய்வார்கள்.

கன்றுகளுக்கு முதல் மூன்று வருடம் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை நாங்களே ஏற்கிறோம். எந்த வீட்டின் முன் உள்ள மரத்தை யார் கவனிப்பது என்று பேசி முடித்து, கையெழுத்தும் வாங்கிவிட்டோம். அந்தப் பட்டியலையும் இந்த மனுவின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பையும் இணைத்துள்ளோம். இடத்தை நேரில் பார்க்கத் தாங்கள் வரும் தேதியைத் தெரிவிக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சாந்த் குருவா பகுதிவாசிகள்