செயின் வண்டிக்கு ஒரு பகல் வழி: போக்குவரத்து ஆணையருக்குத் திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய தமிழ்நாடு போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். ஏரி தூர்வாருவது, வாய்க்கால் கரை கட்டுவது, வீட்டுமனைக்கு மண் சமன்படுத்துவது போன்ற வேலைகளை எடுத்துச் செய்யும் சிறு ஒப்பந்தக்காரன் நான். சொந்தமாக இயந்திரம் கிடையாது. இரும்புச் செயினில் ஓடும் பொக்லைனை, அதாவது செயின் வண்டியை, மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிறேன், அதை ஏற்றிவரும் டிரெய்லருக்குத் தனி வாடகை தருகிறேன். ஆகவே இதில் எனக்கும் ஆதாயம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேட்க வந்தது அகலத்தைப் பற்றி. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 93-ஆவது விதி, வாகனத்தின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது. நம் கணக்கில் எட்டரை அடி. சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான், எனவே அதற்கும் இதே அளவு. இதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. எதிரே வரும் பேருந்தும் ஏறக்குறைய அதே அகலம்தான்.

இப்போது மேலே ஏறும் இயந்திரத்தைப் பாருங்கள். ஊர் ஊராக வேலை செய்யும் 20 டன் வகைப் பொக்லைனில் இரண்டு செயின்களின் நடுக்கோடுகளுக்கு இடையே 2.2 மீட்டர். ஒவ்வொரு செயினிலும் பூட்டியிருக்கும் தகட்டின் அகலம் 60 சென்டிமீட்டர். ஆக வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு 2.8 மீட்டர். அதிலேயே நீள வகை என்றால் நடுக்கோட்டு இடைவெளி 2.38, மொத்தம் 2.98. சேற்று நிலத்துக்காக 80 சென்டிமீட்டர் தகடு போட்டிருந்தால் மூன்று மீட்டரையும் தாண்டும். கம்பெனியிலிருந்து வரும்போதே அளவு இதுதான். பூம் என்கிற தூக்கும் கையை மடக்கலாம், பக்கெட்டைக் கழற்றலாம், செயினை ஒடுக்க முடியாது. தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டலாமே என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் யோசனை சொன்னார். ஒரு போல்ட்டையாவது அவர் கழற்றிப் பார்த்திருந்தால் அந்தப் பேச்சு வந்திருக்காது.

ஜேசிபிக்கு இந்தத் தொல்லை இல்லை. டயர் வண்டி, தானே ஓடிப் போய்விடும். அதைவிடப் பெரிய கட்டுமான வாகனங்களுக்கும் அதே 93-ஆவது விதி வழி விட்டிருக்கிறது: பயண நிலையில் 3 மீட்டர் வரை வரலாம், 2.6-ஐத் தாண்டும் பகுதிக்கு முன்னும் பின்னும் மஞ்சள் கறுப்புப் பட்டை அடிக்க வேண்டும், இரவில் சிவப்பு விளக்கு வேண்டும். நல்ல விதி. ஆனால் இந்தச் சலுகை ரப்பர் டயரிலோ ரப்பர் பட்டையிலோ இரும்பு உருளையிலோ தானே ஓடும் வண்டிக்குத்தான். இரும்புச் செயினில் ஓடும் பொக்லைன் தார்ச் சாலையில் இறங்கினால் சாலை கிழிந்துவிடும் என்பதால் அதை டிரெய்லரில் ஏற்றியே ஆக வேண்டும். ஏற்றிய அந்த நிமிடமே அது வாகனம் இல்லை, சுமை. 3 மீட்டர் சலுகை அத்தோடு போயிற்று. சாலையைக் காப்பாற்ற ஏற்றிய வண்டிக்கே இந்தக் கதி.

சுமைக்கு வேறு சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தின் மூலம் வந்த 194(1ஏ) பிரிவின்படி, வண்டியின் உடற்பகுதிக்கு வெளியே பக்கவாட்டில் சுமை நீட்டிக்கொண்டிருந்தால் அபராதம் 20,000 ரூபாய், இறக்கும் செலவும் நம் தலையில். நீட்டலைச் சரிசெய்யும்வரை வண்டி நகரவும் கூடாது. வைக்கோல் கட்டு என்றால் இறக்கி அடுக்கிவிடலாம். இருபது டன் பொக்லைனைச் சாலையோரம் இறக்கி எப்படி அடுக்குவது?

நடைமுறையில் நடப்பது உங்களுக்கும் தெரிந்ததுதான். செயின் வண்டிகள் நள்ளிரவுக்குமேல் நகர்கின்றன. சாலையில் கூட்டம் இருக்காது என்பது வெளியே சொல்லும் காரணம். கண்ணில் படாமல் போய்விடலாம் என்பது உள்ளே இருக்கும் காரணம். ஊரிலேயே அகலமான சுமை, இருட்டு அதிகமான நேரத்தில் போகிறது. டிரெய்லரின் தளம் 2.6 மீட்டர் இருந்தாலே 2.8 மீட்டர் இயந்திரம் பக்கத்துக்கு நான்கு அங்குலம் வெளியே நிற்கும். நீள வகை என்றால் ஏழு அங்குலத்துக்கு மேல்.

இதில் என்னை மிகவும் கவலைப்பட வைப்பது விளக்கு. டிரெய்லரின் ஓர விளக்குகள் தளத்தின் மூலையில் இருக்கின்றன, செயின் தகடோ அதற்கும் வெளியே இருக்கிறது. எதிரே பைக்கில் வருபவர் விளக்கைப் பார்த்துத்தான் வண்டியின் ஓரம் எங்கே முடிகிறது என்று கணக்குப் போடுவார். அந்தக் கணக்குக்கு வெளியே, விளக்கில்லாமல், கைப்பிடி உயரத்தில் இரும்பு வருகிறது.

சாலையின் அகலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இருவழிச் சாலையின் தார்ப்பரப்பு 7 மீட்டர், ஒரு பக்கத்துக்கு 3.5. மூன்று மீட்டர் சுமை அதில் நிதானமாகப் போய்விடும். 5.5 மீட்டர் சாலையில் அந்தச் சுமையும் ஒரு பேருந்தும் எதிரெதிரே வந்தால் இரண்டின் அகலமே 5.6 ஆகிவிடுகிறது, ஒன்று மண்ணில் இறங்கியாக வேண்டும். 3.75 மீட்டர் ஒருவழிச் சாலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஏரி வேலை பெரும்பாலும் அந்தச் சாலைகளின் கடைசியில்தான் இருக்கிறது. அங்கே இரவில் போவதைவிட, பகலில் முன்னால் ஒரு பைக்கை அனுப்பி எதிரே வரும் வண்டிகளை நிறுத்தி வைத்துப் போவது எவ்வளவோ மேல்.

சட்டத்தைத் திருத்தச் சொல்லி டெல்லிக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. அதே 194(1ஏ) பிரிவின் கீழே, குறிப்பிட்ட சுமையை ஏற்றிச்செல்ல மாநில அரசோ மத்திய அரசோ அதிகாரம் அளித்த அலுவலர் விலக்கு தந்திருந்தால் இந்த அபராதம் பொருந்தாது என்று எழுதியிருக்கிறது. காற்றாலை இறக்கைகள் அனுமதி வாங்கிக்கொண்டு, முன்னும் பின்னும் துணை வண்டியோடு போவதைத் தென்காசிப் பக்கம் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்குக் காகிதம் தயார் செய்யத் தனி ஆள் இருக்கிறார். பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஏரிக்கு ஒரே ஒரு பொக்லைனைக் கொண்டுபோகிறவரிடம் இருப்பது டிரெய்லர் ஓட்டுநரின் போன் நம்பர் மட்டும்தான்.

எனவே கேட்பது இது. பிரிக்க முடியாத மண் அள்ளும் இயந்திரத்துக்கு, 3 மீட்டர் அகலம் வரை, மாவட்டத்துக்குள் நகர்த்த ஆண்டுக்கு ஒருமுறை வாங்கும் விலக்கு அனுமதி வேண்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலேயே அதைத் தர வேண்டும், கட்டணம் வையுங்கள், கட்டுகிறோம். பதிலுக்கு நிபந்தனைகளைக் கடுமையாகவே போடுங்கள். பகலில் மட்டும், பள்ளி தொடங்கும் நேரமும் விடும் நேரமும் நீங்கலாக. நீட்டியிருக்கும் தகட்டின் நுனியிலேயே சிவப்புக் கொடி, மஞ்சள் கறுப்புப் பட்டைப் பலகை. பழுதாகி வழியில் இருட்டிவிட்டால் அதே நுனியில் விளக்கு. 5.5 மீட்டருக்கும் குறைந்த சாலையில் முன்னே ஓர் ஆள். 3 மீட்டருக்கு மேல் போனால் ஒவ்வொரு பயணத்துக்கும் தனி அனுமதி. பிரிட்டனில் பிரிக்க முடியாத சுமை 2.9 மீட்டரைத் தாண்டும்போதுதான் அசாதாரணச் சுமை ஆகிறது, அப்போதும் போலீசுக்கு இரண்டு முழு வேலை நாள் முன்னதாகத் தகவல் தர வேண்டும். நாம் 3 மீட்டர் கேட்பது கொஞ்சம் அதிகம்தான், நம் சாலைகளும் குறுகல். அதனால்தான் ஆள் முன்னே நடக்கட்டும் என்கிறேன்.

அனுமதி வந்த பிறகும் இரவில் கொடியில்லாமல் ஓட்டுகிறவரிடம் 20,000 ரூபாயைக் குறைக்காமல் வாங்குங்கள்.

டிரெய்லர் உரிமையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. அரசாணை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று இருக்கிறது. தளத்தின் ஓரத்தில் வெளியே இழுத்து மாட்டும்படி இரண்டு பக்கமும் கம்பி வைத்து, அதன் நுனியில் விளக்கைப் பொருத்துங்கள். எந்த வெல்டிங் பட்டறையிலும் ஒரு பொழுதில் முடிந்துவிடும். விளக்கு மட்டும் தகட்டின் நுனிக்கு நேராக நிற்க வேண்டும், சுமை இல்லாதபோது கம்பி உள்ளே போய்விட வேண்டும்.

ஏரிகளில் தண்ணீர் வற்றும் கோடையில்தான் இந்த இயந்திரங்கள் அதிகம் நகரும். அதற்குள் வரைவு ஆணை ஒன்றை வெளியிட்டுக் கருத்துக் கேட்டால், அளவுநாடாவோடு வந்து காட்ட எங்களில் பலர் தயார்.

இப்படிக்கு,
மண் வேலை ஒப்பந்தக்காரர் ஒருவர்