இரண்டு லிட்டர் அல்ல, இரண்டு ஷெங்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சீன மூலிகைகளிலிருந்து நவீன மருந்து எடுப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மலேரியாவுக்கான விடை 1,600 ஆண்டுப் பழைய நூலில் தயாராக இருந்தது, ஆய்வாளர்கள் தூசி தட்டி எடுத்தார்கள், அவ்வளவுதான் என்பது போல எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். அது சரியல்ல.

முதலில் ஓர் அளவுப் பிழை. நான்காம் நூற்றாண்டு மருத்துவர் கோ ஹொங்கின் குறிப்பு இவ்வளவுதான்: காய்ச்சலுக்கு, ஒரு கைப்பிடி சிங்ஹாவ் என்ற மூலிகைச் செடியை இரண்டு ஷெங் (சீன முகத்தல் அளவு) தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, சாறு முழுவதையும் குடி. கட்டுரையில் இது ‘இரண்டு லிட்டர்’ ஆகிவிட்டது. இன்றைய ஷெங் ஒரு லிட்டர்தான். கோ ஹொங் காலத்து ஷெங்கோ சுமார் 200 மில்லி. ஆக, கைப்பிடி இலைக்கு 400 மில்லி தண்ணீர். ஆங்கில மொழிபெயர்ப்புகளிலேயே இந்தப் பிழை உலவுவதால் கட்டுரையாளரை அதிகம் குறை சொல்ல முடியாது. ஆனால் சாறு ஐந்து மடங்கு நீர்த்துப்போவது சின்ன விஷயமல்ல.

மலேரியாவுக்கு மருந்து தேடச் சீன அரசு 1967 மே 23-இல் தொடங்கியதால் ‘523’ எனப் பெயர்பெற்ற ரகசியத் திட்டத்தில், 1969-இல் பெய்ஜிங்கிலிருந்து சேர்ந்தவர் மருந்து ஆய்வாளர் து யூயூ. அவர் குழு திரட்டிய பழைய மருந்துக் குறிப்புகள் சுமார் 2,000. அவற்றில் 640-ஐத் தேர்ந்து ஒரு தொகுப்பாக்கினார்கள். சுமார் 200 மூலிகைகளிலிருந்து 380-க்கும் மேற்பட்ட சாறுகளை எடுத்து, மலேரியா ஏற்றிய எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பழைய நூல்கள் கைகாட்டியவற்றில் பெரும்பாலானவை எலியிடம் தோற்றுப்போயின. கட்டுரை விட்டுவிட்ட பகுதி இதுதான்.

சிங்ஹாவும் முதலில் அலைக்கழித்தது. ஒருமுறை ஒட்டுண்ணியை 68 சதவீதம் அடக்கிய சாறு, மறுமுறை 12, இன்னொரு முறை 40 என்று இறங்கியது. அப்போதுதான் கோ ஹொங்கின் வரி மறுபடி கண்ணில் பட்டது. மற்ற மூலிகைகளைப் போல இதைக் காய்ச்சச் சொல்லவில்லையே, சூடுதான் கெடுக்கிறதோ? சாறு எடுக்கத் தண்ணீருக்குப் பதில், 35 டிகிரியிலேயே கொதிக்கும் ஈதர் என்ற கரைப்பானுக்கு மாறினார்கள். ஈதர் செய்தது இரண்டு வேலை. சூடு குறைந்தது, தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும் சத்து முழுசாக வெளியே வந்தது. அந்தச் சத்தான ஆர்ட்டிமிசினினின் தூய படிகம் 156 டிகிரியில்தான் உருகுகிறது என்பதால், கொதிநீர் பட்டதும் அழிந்துவிட்டது என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. இரண்டாவது வேலைக்கும் பெரிய பங்கு உண்டு என்பது என் கருத்து.

அடுத்து, ஈதர் சாற்றைக் காரக் கரைசலால் கழுவி அமிலப் பகுதியைத் தனியே பிரித்தார்கள். நஞ்சு அதில்தான் இருந்தது, மலேரியாவைக் கொல்லும் குணம் அதில் இல்லை. எஞ்சிய நடுநிலைச் சாறு, 191-ஆம் எண் மாதிரி, 1971 அக்டோபர் 4 அன்று எலிகளில் 100 சதவீதம் வேலை செய்தது. 1972 நவம்பரில் படிகம் கைக்கு வந்தது.

செடி விஷயத்திலும் கட்டுரை வழுக்குகிறது. சிங்ஹாவ் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகள் புழங்கின; சத்து இருப்பது ஆர்ட்டிமீசியா அனுவாவில். அதிலும் இலையில்தான், இலை மேலுள்ள நுண்ணிய சுரப்பிகளில். தண்டில் அநேகமாக ஒன்றுமில்லை. பூப்பதற்குச் சற்று முன் பறிக்க வேண்டும். பெய்ஜிங் வட்டாரச் செடியில் சத்து குறைவு, சிச்சுவான் செடியில் அதிகம். நம் மரிக்கொழுந்தும் அதே பேரினம்தான்; அதற்காக அதைக் காய்ச்சிக் குடித்தால் மலேரியா போகாது. அனுவா இலைக் கசாயத்தைக்கூட உலக சுகாதார நிறுவனம் ஏற்கவில்லை: குவளைக்குக் குவளை அளவு மாறும், போதாத அளவு எதிர்ப்புள்ள ஒட்டுண்ணிகளுக்கு வழிவிடும்.

படிகம் கிடைத்த பிறகும் ஒரு சறுக்கல். 1973-இல் ஹைனான் தீவில் நோயாளிகளுக்குக் கொடுத்த மாத்திரைகள் எதிர்பார்த்தபடி வேலை செய்யவில்லை. பார்த்தால் மருந்தில் குறையில்லை, மாத்திரைதான் கல்லாக இருந்தது. வயிற்றில் கரையவே இல்லை. அதே படிகத்தைக் கேப்ஸ்யூலில் அடைத்துக் கொடுத்ததும் காய்ச்சல் இறங்கியது.

‘ஆயிரம் ஆண்டு பயன்பாடே பாதுகாப்புக்குச் சான்று’ என்ற கட்டுரையின் வரியைத்தான் கடுமையாக மறுக்கிறேன். 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் இளைக்கச் சீன மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. பாதிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கும் மேல். சேர்க்க வேண்டியது ஸ்டெஃபானியா வேர், சீனத்தில் ஹான் ஃபாங் ஜி. சேர்ந்தது குவாங் ஃபாங் ஜி என்ற அரிஸ்டோலோக்கியா வேர். பெயரில் ஓரசை வித்தியாசம். அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும். வாந்தி வந்தால் அன்றே மருந்தைச் சந்தேகிப்பார்கள். பல மாதம், பல வருடம் கழித்துச் சுருங்கும் சிறுநீரகத்துக்கு எந்த வைத்தியர் பழைய வேரைக் காரணம் காட்டுவார்? பரம்பரை அனுபவத்தின் கண்ணுக்கு இந்த வகை நஞ்சு தட்டுப்படாது.

இது சீனத்து விவகாரம் மட்டுமல்ல. நம் ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அதே அரிஸ்டோலோக்கியா பேரினமே. அதே அமிலம் அவற்றிலும் உண்டு.

உங்கள் இதழில் இனி மூலிகைக் குறிப்பு வரும்போது தாவரவியல் பெயர், பயன்படும் பாகம், பறிக்கும் பருவம், எடை ஆகிய நான்கையும் சேர்த்து அச்சிடுங்கள். இவற்றில் ஒன்று தெரியாவிட்டாலும் அந்தக் குறிப்பை நிறுத்திவையுங்கள். ‘இரண்டு லிட்டரை’ அடுத்த இதழிலேயே திருத்திவிடலாம்.

இப்படிக்கு,
தாவர வேதியியல் ஆசிரியர்,
திருச்சி