பொட்டலத்தில் ரப்பர் எதற்கு?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்து அமெரிக்கக் கடற்படைப் போர்விமானமான வைல்ட்கேட் எஃப்4எஃப்-4-இன் 1/48 அளவு மாடலுக்கான இறக்கை மடிப்புப் பொட்டலத்தை வாங்கிய பலர், "பிளாஸ்டிக் தாளும் பித்தளைக் கம்பியும் சரி, அழிக்கும் ரப்பரும் ஜெம் கிளிப்பும் எதற்கு?" என்று கேட்கிறீர்கள். தெரிந்துதான் வைத்திருக்கிறோம். கத்தியைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை அவற்றில் இருக்கிறது.

இந்த மடிப்பை, வைல்ட்கேட்டைத் தயாரித்த கிரம்மன் நிறுவனத்தின் நிறுவனர் லெராய் கிரம்மன் கண்டுபிடித்ததே ஒரு ரப்பரையும் கிளிப்பையும் வைத்துத்தான். அதே காலத்து இன்னொரு கடற்படை விமானமான கோர்சேரின் இறக்கை மேல்நோக்கி மடியும். வைல்ட்கேட் அப்படியல்ல. முன்விளிம்பு கீழே திரும்ப, இறக்கை பின்னால் போய் உடலின் பக்கத்தில் செங்குத்தாக நிற்கும். அப்போது மேற்புறம் வெளியே பார்க்கும், துப்பாக்கி வாய்கள் தரையைப் பார்க்கும். 11.58 மீட்டர் அகலம் 4.37 மீட்டராகச் சுருங்கும். உங்கள் மேசையில் அது 241 மி.மீ. 91 மி.மீ. ஆவது.

இறக்கை சுழலும் அச்சு வெளிப்பக்கம், பின்பக்கம், மேல்பக்கம் மூன்றுக்கும் ஏறத்தாழச் சமமாகச் சாய்ந்தது. பகடைக்காயின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு ஊசி குத்தினால் கிடைக்கும் கோடு அதுதான். ரப்பரின் பக்கவாட்டில், மேல்விளிம்பை ஒட்டி, கிளிப்பின் நிமிர்த்திய முனையை உள்ளே, முன்னே, கீழே என்று அதே சாய்வில் குத்துங்கள். வெளியே நிற்கும் வளையத்தை 55 பாகை வளைத்து இறக்கைபோல் நேராக நீட்டிப் படுக்க வையுங்கள். இப்போது மூன்றில் ஒரு சுற்று திருகினால் வளையம் செங்குத்தாகி ரப்பரின் பக்கத்தோடு படியும். வால் பக்கம் தூக்கிக்கொண்டோ விலகியோ நின்றால் சாய்வு தப்பு. பிடுங்கி மறுபடி குத்துங்கள். மறுபக்கத்துக்குக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிக் குத்த வேண்டும். மாடல் கெடுவது பெரும்பாலும் இங்கேதான்: இடது சாய்வையே வலதுக்கும் வைத்துத் துளையிட்டுவிடுகிறார்கள்.

இறக்கையின் மேல், கீழ் பாதிகளை ஒட்டுவதற்கு முன்பே தனித்தனியாக வெட்டுங்கள். துப்பாக்கிகளுக்கு உட்புறம் இருக்கும் மடிப்புக் கோட்டில் கத்தியின் முதுகால் பதினைந்து இருபது முறை கீறினால் சுத்தமாக உடையும். ரம்பம் கால் மில்லிமீட்டர் வரை தின்றுவிடும். வெட்டிய விளிம்பை உட்புறமாகச் சுரண்டி, வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிதாக்குங்கள். ஒரு மில்லிமீட்டர் கனத்தில் விட்டால் அது நிஜ விமானத்தில் ஐந்து சென்டிமீட்டர் தகடு! எத்தனை நுணுக்கம் செய்தாலும் கண் அந்தக் கனத்துக்குத்தான் போகும்.

வெட்டுமுகத்தை மூடும் ரிப்புகளுக்கு (இறக்கையின் குறுக்குச் சட்டங்களுக்கு) 0.5 மி.மீ. பிளாஸ்டிக் தாள். முதலில் துளைகளைப் போட்டுவிட்டுப் பிறகு உருவத்தை வெட்டுங்கள். மாற்றிச் செய்தால் ஓரம் கிழியும். விளிம்பிலிருந்து 1 மி.மீ. உள்ளே தள்ளி ஒட்டுங்கள். ஒயர்கள் உங்கள் விருப்பம், 0.3 மி.மீ. செம்புக் கம்பி போதும்.

ரிப்பை ஒட்டுமுன், அதன் பின்னால் இருக்கும் வெற்றிடத்தில் எம்-சீல் அடைத்து ஒரு நாள் காயவிடுங்கள். 1 மி.மீ. பித்தளைக் கம்பிக்குப் பிடிமானம் அதுதான். உடலோடு நிற்கும் இறக்கையின் அடிக்கட்டையில் ரப்பரில் பார்த்த அதே சாய்வில் 6 மி.மீ. ஆழத்துக்குத் துளையிட்டு, கம்பியை வெளியே 55 பாகை பின்நோக்கி வளைத்து, மடியும் இறக்கையின் வெட்டுமுகத்தில் நேராகச் செருகுங்கள். நொடியில் ஒட்டும் பசை வேண்டாம்: திருத்த நேரம் தராது, லேசாகத் தட்டினாலும் விட்டுவிடும். அரால்டைட் போட்டு, இரண்டு இறக்கைகளின் வெளி அகலம் 91 மி.மீ. வருகிறதா என்று ஸ்கேலால் பார்த்து, அட்டைத் துண்டுகளால் முட்டுக் கொடுத்து இரவு முழுக்க விடுங்கள். மடிப்பின் உட்புறத்துக்கு வண்ணம் இதற்கு முன்பே அடித்திருக்க வேண்டும். பிறகு தூரிகை நுழையாது.

வைல்ட்கேட்டின் முந்தைய வகையான எஃப்4எஃப்-3 கிட் வைத்திருப்பவர்கள் இதை வாங்க வேண்டாம். அதன் இறக்கை மடியாது. துப்பாக்கியும் ஆறல்ல, நான்கு. பிந்தைய வகையான எஃப்எம்-2-இன் இறக்கை மடியும், துப்பாக்கி அதற்கும் நான்குதான். ஆனால் எஃப்4எஃப்-4 கிட்டிலிருந்து அதைச் செய்ய, இரண்டு வரிசை எஞ்சினை எடுத்துவிட்டு ஒன்பது சிலிண்டர் ஒற்றை வரிசை ரைட் எஞ்சின் வைக்க வேண்டும், செங்குத்து வாலையும் உயர்த்த வேண்டும். அந்தப் பாகங்கள் இந்தப் பொட்டலத்தில் இல்லை.

கம்பியைத் தவறாக வளைத்துவிட்டால் நிமிர்த்தி மறுபடி வளைக்காதீர்கள், அந்த இடத்தில் முறியும். அதற்காகத்தான் இரண்டுக்குப் பதில் நான்கு துண்டுகள் வைத்திருக்கிறோம்.